தொகையில் மறைந்த உருபு: படத்தொகுப்பாளர் ஏ. பீம்சிங்

முன்னுரை

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்றும் நாடுகளாகவே பகுத்து வழங்கப்பெறுகின்றது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, பெரக்கரை நாடு என நீளும் அப்பெயர்களைக் கேட்ட அளவில் தமிழ் பயில்வார் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது கொல்லிப்பாவை. பூதம் சமைத்ததாகச் சங்கச் சான்றோர் பாடிய அப்பாவை, காற்று மோதினும் இடி விழினும் நிலமே நடுங்கினும் தன் எழில் குன்றாதது. பிற்கால வழக்கில் அது காண்பாரை நோக்கி நகைத்து மயக்கும் பாவையாகவும் சொல்லப்பெற்றது. உயிரற்ற உருவம் ஒன்று உயிருள்ளாரை மயக்கும் என்ற அப்பழங்கற்பனை, இருபதாம் நூற்றாண்டில் வெள்ளித்திரையில் மெய்யாயிற்று.

கொல்லிமலைக்கு அண்மை நகரமாகிய சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937-இல் 'சதி அகல்யா'வுடன் தொடங்கிய அந்நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியது. சேலம், கோவை, சென்னை ஆகிய மூன்று நகரங்களும் தமிழ்த் திரைக்கலையின் பட்டறைகளாக விளங்கிய காலம் அது. திரையில் நகைத்த பாவைகளின் பெயரை மக்கள் அறிவர். அப்பாவைகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, உயிர்கொடுத்த கைகளின் பெயரை அறிவார் மிகச் சிலரே. அக்கைகளுக்கு உரியவர் படத்தொகுப்பாளர்.

அத்தொழிலிலிருந்து எழுந்து தென்னகம் முழுவதும் புகழ்பெற்ற ஒருவர் ஏ. பீம்சிங். அவர் கொல்லிமலைக்கோ சேலத்துக்கோ உரியவர் அல்லர். அவருடைய தொழிற்களம் சென்னை. ஆயினும் தொகுப்பு மேசை ஒரு மனிதனுக்கு எதைக் கற்பிக்கும் என்பதற்கு அவர் வாழ்வினும் சிறந்த சான்று தமிழ்த் திரையுலகில் அரிது. ஆதலின் அவர் வரலாற்றை இவண் சுருங்கக் காண்போம்.

தொகுப்பு என்னும் தொழில்

வரலாற்றினுள் புகுமுன் அத்தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். நொடிக்கு 24 படங்கள் திரையில் ஓடும். எனவே ஒரு நிமிடத்திற்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படத்திற்கு ஏறத்தாழ 13,500 அடி. படப்பிடிப்பிலோ இதனினும் பன்மடங்கு சுருள் செலவாகும். ஒரே காட்சியைப் பல கோணங்களில், பல முறை எடுத்திருப்பர். ஒளி ஒரு சுருளிலும் ஒலி வேறொரு சுருளிலும் இருக்கும். கிளாப் பலகை மோதும் படத்தையும் அம்மோதல் ஒலியையும் ஒன்றோடொன்று பொருத்திய பின்னரே வேலை தொடங்கும்.

தொகுப்பாளர் மூவியோலா என்னும் சிறு கருவியில் கண்ணை வைத்துச் சுருளை முன்னும் பின்னும் ஓட்டுவார். வெட்டவேண்டிய இடத்தில் மெழுகுப் பென்சிலால் குறியிடுவார். கத்தரியால் வெட்டி, விளிம்பின் மேற்பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவார். வேலைப் பிரதி முழுமை பெற்றபின், விளிம்பு எண்களை ஒப்பிட்டு மூல நெகடிவை அதற்கேற்ப வெட்டுவர். அங்கே பிழை நேரின் திருத்தம் இல்லை. போதாக்குறைக்கு அக்காலச் சுருள்களில் பல நைட்ரேட்டால் ஆனவை. எளிதில் தீப்பற்றக் கூடியவை. பொறுமையும் நினைவாற்றலும் தூய்மையும் இல்லாதார் அவ்வறையில் ஒரு திங்களும் நிலைக்க இயலாது.

தமிழ் மாணவர்க்கு இக்கலையை விளக்க இலக்கணமே துணை நிற்கும். தண்ணீர்க்குடம் என்னும் தொடரில் இரு சொற்களே உள. தண்ணீரை உடைய குடம் என்பது அதன் விரிவு. வேற்றுமை உருபும் அதன் பயனும் மறைந்து நின்று பொருள் தருவதால் அதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்கிறோம். திரைத்தொகுப்பும் அத்தகையதே. ஒருவன் மலையடிவாரத்தில் புறப்படுகிறான். அடுத்துப் பெரக்கரை நாட்டின் ஒரு வீட்டு வாயிலில் நிற்கிறான். கொல்லிமலைப் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் காட்டவேண்டுவதில்லை. மூன்று வளைவுகளைக் காட்டினால் எஞ்சிய அறுபத்தேழினையும் காண்போர் உள்ளமே ஏறிக் கடக்கும். எதனைக் காட்டுவது என்பதினும் எதனை மறைப்பது என்பதே தொகுப்பாளரின் கலை.

பயிற்சிக் காலம்

பீம்சிங் 1924-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பிறந்தார். 1940-களின் பிற்பகுதியில் கிருஷ்ணன் - பஞ்சு இரட்டையரிடம் உதவிப் படத்தொகுப்பாளராகச் சேர்ந்ததே அவருடைய திரைவாழ்வின் தொடக்கம். அவ்விரட்டையருள் பஞ்சு, இயக்குநர் என்பதோடு கைதேர்ந்த படத்தொகுப்பாளரும் ஆவார். பஞ்சாபி என்னும் பெயரில் தொகுப்புப் பணி செய்தவர். 1952-இல் வெளிவந்த 'பராசக்தி'யின் தொகுப்பும் அப்பெயரிலேயே அமைந்தது. இயக்கமும் தொகுப்பும் ஒரே கையில் இணைந்திருந்த ஆசிரியரிடம் பயின்றமை பீம்சிங்குக்கு வாய்த்த பெரும்பேறு.

அக்காலத் தமிழ்ப்படங்கள் வசனத்தால் வாழ்ந்தவை. நாடக மேடையிலிருந்து வந்த நடிகர்கள் நீண்ட உரைகளை ஒரே மூச்சில் பொழிந்தனர். அத்தகைய படங்களில் தொகுப்பாளருக்கு நேரும் சிக்கல் பெரிது. பேசுவோர் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தால் காட்சி மேடையாகிவிடும். இடையிடையே வெட்டினாலோ உரையின் வேகம் முறியும். இதற்கு அத்தொழில் கண்ட தீர்வு எளியது, ஆனால் நுட்பமானது. ஒருவர் பேச, அவர் குரல் தொடர, கேட்போர் முகத்தைக் காட்டுதல். சொல்லின் பொருள் பேசுவோரிடம் பிறக்கிறது. அதன் சுமையோ கேட்போர் முகத்தில் விழுகிறது. பின்னாளில் பீம்சிங் இயக்கிய குடும்பப் படங்களைக் காண்போர், அவற்றின் வலிமை கேட்கும் முகங்களில் இருப்பதை உணர்வர். அதனை அவர் தொகுப்பறையில் கற்ற பாடமாகவே நாம் கொள்கிறோம்.

இயக்குநராக உயர்தல்

1954-இல் 'அம்மையப்பன்' என்னும் படத்தின் வாயிலாகப் பீம்சிங் இயக்குநரானார். அதற்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. 1956-இல் வெளிவந்த 'ராஜா ராணி'யும் அவர் எழுத்தில் அமைந்ததே. சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த அப்படத்தில் சாக்ரடீசு, சேரன் செங்குட்டுவன் ஆகியோர் பற்றிய நாடகங்கள் படத்தினுள் படமாக இடம்பெற்றன. உரைவளம் மிக்க எழுத்தையும் உணர்ச்சி மிக்க நடிப்பையும் ஒருங்கே ஏந்திச் செல்லும் பயிற்சி அங்கே கிட்டியது.

1958-இல் 'பதிபக்தி', 1959-இல் 'பாகப்பிரிவினை' ஆகியன வந்தன. பின்னையது பீம்சிங்கின் இடத்தை உறுதிசெய்தது. ஒரு கையும் காலும் முடங்கிய கண்ணையன் என்னும் சிற்றூர் இளைஞனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். ஒன்றாய் வாழ்ந்த குடும்பம் இரண்டாய்ப் பிளவுபடுவதே கதை. வாழ்நாளெல்லாம் வெட்டி ஒட்டும் தொழில் செய்தவர், வெட்டுண்ட குடும்பம் மீண்டும் ஒட்டுவதையே தம் கதைப்பொருளாகக் கொண்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது. அப்படம் சிறந்த தமிழ்ப்படத்திற்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது.

பகர வரிசை

பீம்சிங்கின் படப்பெயர்களுள் பெரும்பாலானவை பகரத்தில் தொடங்குவதைத் தமிழ் மாணவர் உடனே கவனிப்பர். 'படிக்காத மேதை' (1960), 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' (மூன்றும் 1961), 'பார்த்தால் பசி தீரும்', 'படித்தால் மட்டும் போதுமா', 'பந்தபாசம்' (மூன்றும் 1962), 'பார் மகளே பார்' (1963), 'பச்சை விளக்கு' (1964), 'பழநி' (1965) என அவ்வரிசை நீண்டது. மோனை நயம் ஒருபுறமிருக்க, பாசம், பந்தம், பசி, பாவம், பாகம் என அச்சொற்கள் யாவும் குடும்ப வாழ்வின் அடிப்படைகளைச் சுட்டுவன.

இவற்றுள் 'பாசமலர்' பெற்ற புகழ் தனித்தன்மை உடையது. பெற்றோரை இழந்த அண்ணன் இராஜசேகரன், தங்கை இராதா. சிவாஜியும் சாவித்திரியும் அவ்விருவராக வாழ்ந்தனர். தங்கை சிறுகச் சிறுகச் சேர்த்த பணமே அண்ணன் தொழிலதிபனாக உயர அடித்தளமாகிறது. செல்வம் வந்தபின் உறவில் விரிசல் விழுகிறது. இறுதியில் கண்ணிழந்த அண்ணனும் தங்கையும் ஒருங்கே உயிர்நீக்கின்றனர். இன்றும் உடன்பிறந்தார் பாசத்திற்கு அப்படப்பெயரே உவமையாக வழங்குகிறது. அதன் தொகுப்பாளர்களாகப் பீம்சிங், ஏ. பால் துரைசிங்கம், ஆர். திருமலை ஆகிய மூவர் பெயரும் இடம்பெற்றன. புகழின் உச்சியில் நின்ற இயக்குநர், தம் பழைய மேசையைத் துறக்கவில்லை. தம் துணைவர் பெயரையும் மறைக்கவில்லை. இதுவே அவர் பண்பை விளக்கப் போதுமானது.

அதே ஆண்டின் 'பாவமன்னிப்பு' நம் போன்ற கல்விக்கூடங்கள் சிறப்பாக நினைவுகூரத்தக்கது. இந்துக் குடும்பத்தில் பிறந்த குழந்தை இசுலாமியப் பெரியவர் ஒருவரின் இல்லத்தில் இரகீமாக வளர்கிறது. அவன் மனங்கவர்ந்த மேரியோ கிறித்தவ இல்லத்தில் வளர்ந்தவள். பிறப்பன்று, வளர்த்த அன்பே மனிதனை ஆக்குகிறது என்பது கதையின் உட்பொருள். இப்படத்தில் டி. எம். சௌந்தரராஜனுடன் நாகூர் ஈ. எம். அனிபாவின் குரலும் ஒலித்தது. தமிழ்நாட்டு இசுலாமியக் குடும்பம் ஒன்றைக் கேலிப்பொருளாக்காமல், கதையின் அறமையமாக நிறுத்திய படம் என்ற வகையில் இதன் இடம் பெரிது. அகில இந்திய அளவில் தகுதிச் சான்றிதழும் இதற்குக் கிட்டியது.

பிறர் தொடங்கியதை முடித்தல்

தொகுப்பாளர் என்பவர் எப்போதும் பிறர் எடுத்த சுருளிலிருந்தே தம் வேலையைத் தொடங்குபவர். அப்பழக்கம் பீம்சிங்குக்கு ஒருமுறை பெரிதும் கைகொடுத்தது. ஏ.வி.எம். நிறுவனத்தின் 'களத்தூர் கண்ணம்மா'வைத் தொடங்கியவர் டி. பிரகாஷ் ராவ். அவர் இடையில் விலக, எஞ்சிய பகுதியை இயக்கும் பொறுப்பு பீம்சிங்கிடம் வந்தது. இருவர் கைப்பட்ட படம் என்ற உணர்வே எழாவண்ணம் 1960-இல் அது வெளியாயிற்று. கமல்ஹாசன் என்னும் சிறுவன் திரையில் முதன்முதலாகத் தோன்றிய படமும் அதுவே. அச்சிறுவனுக்குக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிட்டியது.

அக்கதையையே 1962-இல் மீனாகுமாரி, சுனில் தத் ஆகியோரைக் கொண்டு இந்தியில் இயக்கினார் பீம்சிங். 'பாசமலர்' அவ்வாண்டிலேயே 'ராக்கி' ஆயிற்று. அசோக் குமாரும் வகீதா ரகுமானும் அண்ணன் தங்கை ஆயினர். 'பாகப்பிரிவினை' 1965-இல் 'கான்தான்' ஆகிச் சுனில் தத்துக்குப் பிலிம்பேர் விருதைத் தேடித்தந்தது. திலீப் குமார் நடித்த 'ஆத்மி' (1968), 'கோபி' (1970), சஞ்சீவ் குமார் ஒன்பது வேடங்களில் தோன்றிய 'நயா தின் நயீ ராத்' (1974) ஆகியனவும் அவர் இயக்கியவையே. மொழி மாறினும் கதை தன் ஆற்றலை இழக்கவில்லை. எந்தத் துண்டை வைத்துக்கொள்வது, எந்தத் துண்டை மாற்றுவது என்று தெளிந்த கண்ணுக்கே அது இயலும்.

தம்மையே தொகுத்துக்கொண்டவர்

பீம்சிங் படங்களின் மீது கூறப்படும் குறை ஒன்று உண்டு. கண்ணீர் மிகுதி; உரையாடல் நீளம்; தியாகத்திற்கு எல்லையின்மை. இக்குறை முற்றிலும் பொய்யன்று. இற்றை நாள் மாணவர் 'பந்தபாசம்' போன்ற படங்களைக் காணின் சில இடங்களில் பொறுமை இழக்கவும் கூடும். குடும்பத்திற்காகத் தன்னை அழித்துக்கொள்வதே பெண்ணின் பெருமை என்ற கருத்தும் அக்காலப் படங்கள் பலவற்றிலும் போல இவற்றிலும் ஊடாடுகிறது.

அவர் திறத்தை நாம் மதிப்பது இங்கேதான். தம் வாழ்வின் இறுதிப் பகுதியில் அவர் தம் வழக்கமான பாதையையே வெட்டி எறிந்தார். ஜெயகாந்தனின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற புதினமாகிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977-இல் அவர் இயக்கத்தில் படமாயிற்று. வண்ணப்படங்கள் பெருகிவிட்ட அந்நாளில் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது அது. இளமையில் வஞ்சிக்கப்பட்ட கங்கா என்னும் பெண், குடும்பத்தின் பழிச்சொல்லையும் உலகின் பார்வையையும் தனித்து நின்று எதிர்கொள்கிறாள். பகர வரிசைப் படங்களில் எல்லா முறிவையும் ஒட்டவைத்த குடும்பம், இங்கே ஒரு பெண்ணை முறிக்கும் கருவியாகக் காட்டப்பெறுகிறது. கண்ணீர் வெள்ளமில்லை, எல்லாரும் கூடி மகிழும் முடிவுமில்லை. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிட்டியது. ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' புதினத்தையும் அவர் படமாக்கினார். அது 1978-இல் வெளிவந்தது.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு கலைஞர், தமக்குப் பொருளும் புகழும் தந்த முறையை மறுபரிசீலனை செய்து, மிகையைக் களைந்து, வேறொரு வழியில் அடியெடுத்து வைத்தல் எளிதன்று. பிறர் எடுத்த சுருளை வெட்டுதல் தொழில். தாம் எடுத்ததைத் தாமே வெட்டுதல் துறவு. 1978-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் தம் 53-ஆம் வயதில் பீம்சிங் மறைந்தார். அப்புதிய பாதை இன்னும் எவ்வளவு தொலைவு சென்றிருக்கும் என்று எண்ணும்போது அவ்விழப்பின் அளவு புலப்படுகிறது.

கத்தரியின் வழித்தோன்றல்

அவர் மைந்தருள் பி. கண்ணன் ஒளிப்பதிவாளராகிப் பாரதிராசாவின் பல படங்களுக்குப் பணியாற்றினார், 2020-இல் மறைந்தார். மற்றொரு மைந்தர் பீ. லெனின் தந்தையின் மேசையையே தேர்ந்தார். வி. டி. விஜயனுடன் இணைந்து 1987-இல் 'நாயகன்' படத்தைத் தொகுத்தார். 1994-இன் 'காதலன்' அவ்விருவருக்கும் சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. பின்னர் ஜெயகாந்தனின் 'ஊருக்கு நூறு பேர்' என்னும் புதினத்தை லெனின் தாமே படமாக இயக்கினார். 2001-ஆம் ஆண்டின் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அவருக்குக் கிட்டியது. தந்தை நிறுத்திய இடத்திலிருந்தே மைந்தர் தொடர்ந்தார் எனின் மிகையாகாது.

இன்று மூவியோலாவும் பிலிம் சிமெண்டும் காட்சிப்பொருள்கள் ஆகிவிட்டன. திரைப்படமாயினும் தொலைக்காட்சித் தொடராயினும் கணினியிலேயே தொகுக்கப்பெறுகின்றன. தவறான வெட்டை நொடிப்பொழுதில் மீட்கலாம். கைபேசி வைத்திருக்கும் மாணவர் எவரும் படம் எடுத்துத் தாமே வெட்டி ஒட்டலாம். கருவி எளிதாயிற்று, முடிவெடுத்தல் எளிதாகவில்லை. ஒரு துண்டை வெட்டினால் மூல நெகடிவ் அழியும் என்ற அச்சம், பீம்சிங் காலத்தவரை ஒவ்வொரு வெட்டுக்கும் முன் நின்று சிந்திக்க வைத்தது. அவ்வச்சம் நீங்கிய இக்காலத்தில் அச்சிந்தனையை நாமே வருந்திப் பயிலவேண்டியுள்ளது.

நிறைவுரை

நம் தமிழ் தொகுத்தலைச் சிறு தொழிலாக என்றும் கருதியதில்லை. எட்டுத்தொகை என்றே நம் பழம்பெரும் நூல்களுக்குப் பெயர். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றும், ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும் அறிகிறோம். கொல்லிப்பாவையை நமக்குக் காட்டும் நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. தொகுத்தவர் பெயரோ நமக்குக் கிட்டவில்லை. அப்பெயரறியாப் பெரியோர் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று முடிவெடுத்திராவிடில், கொல்லிப்பாவை பற்றிய அந்தப் பாடல்களே நம்மை வந்தடைந்திரா.

பீம்சிங் இயக்குநராகவும் உயர்ந்தமையால் அவர் பெயர் நிலைத்தது. சேலத்திலும் கோவையிலும் சென்னையிலும் அதே மேசைகளில் கண்ணயர்ந்து உழைத்த உதவித் தொகுப்பாளர் பலருடைய பெயர் நற்றிணையைத் தொகுத்தவர் பெயர் போன்றே மறைந்தது. தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பழைய படங்களைக் காணும் மாணவர்கள், தொடக்கத்தில் ஓடும் பெயர்ப்பட்டியலைத் தாண்டிச் செல்லாது படித்து, தொகுப்பு என்ற சொல்லின் அருகே உள்ள பெயர்களைக் குறித்து வைக்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள். பெரக்கரை நாட்டிலிருந்தும் அதுபோன்ற மலைநாடுகளிலிருந்தும் கல்லூரிக்கு வரும் இளைஞர்க்கும் இவ்வரலாறு ஒன்றைச் சொல்லும். திரையில் முகம் காட்டாமலே திரைக்கு உயிர்தரும் இடம் ஒன்று உண்டு. அவ்விடத்திற்குப் பொறுமையும் நினைவும் மிகையை நீக்கும் துணிவுமே தகுதி. உருபு மறைந்து நிற்கும், பொருள் மறையாது.